கதவுக் குமிழும் கல்வெட்டும்



பிராக் நகரத்துக்குச் சுற்றுலா போன என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் அறுபது படம் அனுப்பினாள். ஒரு கோபுரம்கூட முழுசாக இல்லை. கதவுக் குமிழ், ஜன்னல் கம்பி, தேய்ந்த படிக்கட்டின் ஓரம், தெருப்பெயர்ப் பலகை! "ஏம்மா, ஊரையே காணோமே" என்று பதில் போட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் லின்னேயஸ் டிரைப் ஞாபகத்துக்கு வந்தார். கிண்டல் செய்தது தப்பு என்று பட்டது.

உங்களுக்கு நான் இவரை நடத்தியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர். 1856-ல் சென்னை அரசு இவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நாலைந்து மாதம் சுற்றினார். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத சமயம் அது.

இப்போது போல விரலால் தட்டுகிற வேலை இல்லை. படத்தைப் பெரிதாக்க அன்று வழி கிடையாது. படம் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு பெரிது, அதற்கேற்ற பெட்டி. மெழுகு பூசிய காகிதம்தான் நெகட்டிவ். ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் ஒளி விழ வேண்டும், அதனால் குறுக்கே நடந்துபோகிறவர் படத்தில் பதியமாட்டார். வானம் வெறுமையாக விழுந்தால் நெகட்டிவிலேயே மேகத்தை வரைந்துவிடுவாராம். நம் கல்யாண ஸ்டூடியோக்காரர்களுக்கு மூத்தவர்!

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை அவர் எடுத்த படங்கள் உண்டு. நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்ப்பதற்கு முந்தைய நிலை அதில் இருக்கிறது. ஆனால் என்னை உட்கார வைத்தது தஞ்சைப் பெரிய கோயில் படம்தான். விமானத்தைத் தூரத்தில் நின்று எடுத்ததோடு அவர் விடவில்லை. அடிப்பகுதிக்கு வந்து, அங்கே ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார்.

அந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே அன்று குழப்பம். தலபுராணம் கரிகாலன் என்றது. ஏறத்தாழ முப்பது வருஷம் கழித்து ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் ராஜராஜன் என்று உறுதியானது. தான் கொடுத்ததையும் அக்கா கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்ன ராஜா, ஆயிரம் வருஷமாக அங்கேயே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். டிரைப் படம் எடுத்தது அதைத்தான்.

செலவு அதிகம் என்று டிரெவெல்யன் கவர்னராக இருந்தபோது அந்தப் புகைப்படப் பிரிவையே மூடிவிட்டார்கள். கணக்குப் பார்க்கிறவர்கள் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள்.

சரி, நம்ம திருத்தணிக்கு வருகிறேன். 1960 ஏப்ரல் 1 வரை நம் ஊர் ஆந்திராவில் இருந்தது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தை வகுப்பில் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன். எங்கள் தெரு முனை மளிகைக் கடையில், நிலைப்படிக்கு மேலே, மேல் வரி தெலுங்கும் கீழ் வரி தமிழுமாக ஒரு மரப்பலகை இருந்தது. தமிழ் வரியின் பெயிண்ட் மட்டும் கொஞ்சம் புதிது. எந்த வருஷம் எழுதியதோ! தினமும் அதன் கீழே நின்று பொட்டலம் வாங்கினேன். பத்து வருஷம் முன்பு கடையை இடித்து மாடி கட்டினார்கள். பலகை அடுப்புக்குப் போயிருக்கும். என்னிடம் முப்பது வருஷத்து வகுப்பு குரூப் போட்டோ எல்லாம் இருக்கிறது. அந்தப் பலகை ஒன்றில்கூட இல்லை.

அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புச் செய்தி அனுப்பிவிட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வருகிறவர்கள் மலைக்கோயிலையும் சரவணப் பொய்கையையும் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே உங்கள் பாட்டி வீட்டுத் திண்ணைத் தூண், நிலைப்படி, மாடத்தையும் எடுத்து, எந்தத் தெரு என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். பழைய ஆல்பத்தில் யாருடைய தலைக்குப் பின்னாலாவது அந்த மளிகைக் கடைப் பலகை தெரிந்தால், ராத்திரி எந்நேரமானாலும் போன் பண்ணுங்கள்.