திரை நாயின் பெயர் யாருக்குச் சொந்தம்? 1905 முதல் 2023 வரை ஒரு வரலாற்று நோக்கு

திரையில் புகழ்பெற்ற நாய்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவற்றின் அறிவையும் விசுவாசத்தையும் வியப்பதோடு நின்றுவிடுகின்றன. அந்தப் புகழ் யாருடைய கணக்கில் சேர்ந்தது என்பது அதிகம் கேட்கப்படாத கேள்வி. திரையில் ஓடிய உயிருக்கா, அது ஏற்ற பாத்திரத்துக்கா, பெயரின் உரிமையை வைத்திருந்தவருக்கா? இக்கட்டுரை பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கப் படங்களைக் கொண்டு இதை ஆராய்கிறது. ஊமைப்படம், பேசும்படம், தொலைக்காட்சி என ஊடகம் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் புகழ் நாயின் உடலை விட்டு விலகி, கைமாற்றத்தக்க ஒரு பெயரில் போய்ச் சேர்ந்தது என்பதே இதன் கருதுகோள்.

வீட்டு நாய் நடிக்க வந்த காலம்

1905இல் இங்கிலாந்தின் வால்டன்-ஆன்-தேம்ஸில் சிசில் ஹெப்வொர்த் தயாரித்த படம் ‘ரெஸ்க்யூட் பை ரோவர்’. லூயின் ஃபிட்ஸ்ஹேமன் இயக்கினார். ஹெப்வொர்த்தின் மனைவி கதை எழுதித் தாயாக நடிக்க, அவர்களுடைய மகளே திருட்டுப்போகும் குழந்தையானாள். நாயும் வீட்டு நாய்தான். அதன் உண்மைப் பெயர் பிளேர், கோலி இனம். செலவு 8 பவுண்டுக்கும் குறைவு.

குழந்தையைப் பிச்சைக்காரி ஒருத்தி தூக்கிச் செல்கிறாள். நாய் சன்னல் வழியே குதித்துத் தெருக்களில் ஓடி, ஆற்றைக் கடந்து, குழந்தை இருக்கும் பரணறையைக் கண்டுபிடிக்கிறது. பிறகு வந்த வழியே திரும்பி எசமானரை அழைத்துச் செல்கிறது. போகும்போது பார்த்த இடங்களே திரும்பும்போது தலைகீழ் வரிசையில் வருவதால், வீட்டுக்கும் பரணறைக்கும் இடையிலான நிலப்பரப்பு பார்வையாளர் மனத்தில் பதிந்துவிடுகிறது. தனித்தனிக் காட்சிகளைத் தொடர்ச்சியான ஒரே இயக்கமாக இணைக்கும் படத்தொகுப்பின் முக்கியமான தொடக்க மாதிரியாகத் திரை வரலாற்றாசிரியர்கள் இதைக் கொள்வர். அந்த இணைப்பைச் சாத்தியமாக்கியது நாயின் ஓட்டம்.

சுமார் 400 பிரதிகள் விற்றன. நெகட்டிவ் தேய்ந்துபோனதால் படம் முழுவதையும் மேலும் இருமுறை எடுக்க வேண்டியிருந்தது. நெகட்டிவைப் புதிதாக்கலாம், பிளேருக்கு மாற்று தேவைப்படவில்லை. இக்கட்டத்தில் புகழ் ஒரே உடலோடு கட்டுண்டிருந்தது.

நட்சத்திரமாகிய நாய்

அமெரிக்காவில் லாரன்ஸ் டிரிம்பிளின் ‘ஜீன்’, வைட்டாகிராஃப் நிறுவனப் படங்களில் ‘வைட்டாகிராஃப் நாய்’ என்றே அறியப்பட்டது. நாயின் பெயரோடு நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது இங்கேதான். அதே டிரிம்பிள் பின்னர் ஜேன் மர்ஃபினுடன் சேர்ந்து ஜெர்மன் ஷெப்பர்டு நாய் ஒன்றைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஜெர்மனியில் காவல் பணிக்குப் பழக்கப்பட்ட அந்த நாயின் பெயர் எட்ஸல் ஃபொன் ஓரிங்கன். ‘தி சைலன்ட் கால்’ (1921) படத்தில் அது ‘ஸ்ட்ராங்ஹார்ட்’ ஆயிற்று.

இதன் வெற்றி ரின் டின் டின்னுக்கு வழி திறந்தது. முதல் உலகப் போரின் இறுதியில், 1918 செப்டம்பரில், பிரான்சின் லொரெய்ன் பகுதியிலுள்ள ஃபிளிரே அருகே குண்டுவீச்சில் சிதைந்த நாய்க்கொட்டில் ஒன்றில் அமெரிக்கச் சிப்பாய் லீ டங்கன் கண்டெடுத்த குட்டிகளுள் அது ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் ராசிக்காக வைத்திருந்த சிறு பொம்மையின் பெயர் அதற்கு இடப்பட்டது. ‘வேர் த நார்த் பிகின்ஸ்’ (1923) முதல் வார்னர் நிறுவனத்துக்கு நம்பகமான வருவாயைத் தேடித் தந்தது. ‘அடமானத்தை மீட்பவன்’ என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. பின்னாளில் பெருந்தயாரிப்பாளரான டாரில் ஸனக், தொடக்கத்தில் இந்த நாய்க்குத் திரைக்கதை எழுதியவர். முதல் ஆஸ்கர் வாக்கெடுப்பில் சிறந்த நடிகருக்கான கூடுதல் வாக்குகள் இதற்கே விழுந்தன என்ற கதை சர்ச்சைக்குரியது. ஆனால் நாயை நடிகனாகவே எண்ணும் மனநிலை அன்று உருவாகியிருந்தது என்பதற்கு அக்கதையின் செல்வாக்கே சான்று.

ஒலி வந்தபின்

ஊமைப்படத் தளத்தில் பயிற்சியாளர் கேமராவுக்கு வெளியே நின்று உரக்கக் கட்டளையிடலாம். ஒலிப்பதிவு வந்ததும் அது முடியாமற்போயிற்று. வார்னர் நிறுவனம் 1929இல் ரின் டின் டின்னைக் கைவிட்டது. நாய் 1932 ஆகஸ்டில் இறந்தது. பெயர் இறக்கவில்லை: ‘ரின் டின் டின் ஜூனியர்’ அடுத்த ஆண்டே தொடர்படத்தில் தோன்றியது.

ஒலியின் தடையை மீறியவர்களுள் ஜெர்மனியிலிருந்து குடியேறிய கார்ல் ஸ்பிட்ஸ் குறிப்பிடத்தக்கவர். வாய்பேசாமல் கைச்சைகையால் நாயை இயக்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். ‘த விஸார்ட் ஆஃப் ஆஸ்’ (1939) படத்தில் டோட்டோவாக வந்த டெர்ரி அவருடைய பெண்நாய். வாரச் சம்பளம் 125 டாலர். எனினும் மக்கள் நினைவில் தங்கியது டோட்டோ, டெர்ரி அன்று. பாத்திரப் பெயர் நாயின் பெயரை மறைக்கத் தொடங்கியிருந்தது.

லாஸி: பெயர் சொத்தாதல்

இந்தப் போக்கு முழுமையடைந்தது லாஸியில். எரிக் நைட் 1938இல் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் எழுதிய சிறுகதை 1940இல் நாவலாக விரிந்து, 1943இல் எம்.ஜி.எம். படமாயிற்று. லாஸி கதையில் பெண்நாய். நடித்த ‘பால்’ ஆண்நாய். உருவில் பெரிது, கோடையிலும் ரோமம் அடர்த்தி குறையாது. பயிற்சிக் கட்டணமாக வரவேண்டிய 10 டாலருக்கு ஈடாக அந்த நாய் பயிற்சியாளர் ரட் வெதர்வாக்ஸின் கைக்கு வந்தது.

எம்.ஜி.எம். வரிசை 1950களின் தொடக்கத்தில் முடிந்தபோது, தமக்கு வரவேண்டிய சுமார் 40,000 டாலர் பாக்கிக்குப் பதிலாக லாஸி என்ற பெயரின் உரிமையை வெதர்வாக்ஸ் பெற்றுக்கொண்டார் என்பர். முதலில் கடனுக்கு ஈடாக நாய் வந்தது. பிறகு சம்பளத்துக்கு ஈடாகப் பெயர் வந்தது. இரண்டாவதே பெருமதிப்புடையது என்பதைத் தொலைக்காட்சி நிறுவியது. 1954இல் சி.பி.எஸ். அலைவரிசையில் தொடங்கிய தொடர் 1973 வரை ஓடியது. 1956இல் ஜாக் ராதர் தொடரின் உரிமையை 32.5 லட்சம் டாலருக்கு வாங்கினார். பத்தொன்பது பருவங்கள் தாக்குப்பிடிக்க ஒரு நாயின் ஆயுள் போதாது. பால் தொடரின் முன்னோட்ட அத்தியாயங்களோடு விலக, அதன் மகனும் வழித்தோன்றல்களும் அதே பெயரில் நடித்தன. கதையில் லாஸியை வளர்த்தவர்களும் மாறினார்கள். மாறாதது பெயர் ஒன்றே.

இனத்துக்குப் பரவிய புகழ்

பெயரிலிருந்து புகழ் இனத்துக்கும் பரவியது. கிர்லாண்டா, அசெர்பி, ஹெர்ஸாக் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, 87 திரைப்படங்களை அமெரிக்க கென்னல் கிளப் பதிவுகளோடு ஒப்பிட்டது. லாஸி படத்துக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் கோலி நாய்ப் பதிவுகள் 40 சதவீதம் கூடின. படம் பார்த்தவர் லாஸியை வாங்க முடியாது. லாஸியின் சாயலை வாங்கலாம்.

கலப்பின நாயான பென்ஜி இதற்கு மாற்றுச் சான்றாகத் தோன்றலாம். கலிஃபோர்னியாவின் பர்பேங்க் விலங்குக் காப்பகத்திலிருந்து பயிற்சியாளர் ஃபிராங்க் இன் எடுத்து வளர்த்த ஹிக்கின்ஸ், 1974இல் ‘பென்ஜி’ ஆனது. அதன் தோற்றம் எந்த இனப் பட்டியலிலும் கிடைக்காது. ஆயினும் 1977இன் தொடர்ச்சிப் படத்தில் பென்ஜியாக நடித்தது ஹிக்கின்ஸின் மகள். இனம் இல்லாத இடத்திலும் பெயர் மரபுரிமையாக இறங்கியது.

முடிவுரை

இப்போக்கின் தருக்க எல்லையை ஒரே கதையின் இரு வடிவங்கள் காட்டுகின்றன. ‘த கால் ஆஃப் த வைல்டு’ 1935இல் படமானபோது பக் என்ற நாயாக நடித்தது, ஸ்பிட்ஸ் பழக்கிய செயின்ட் பெர்னார்ட். 2020இல் பக் கணினி வரைகலை உருவம். அதன் அசைவுகளுக்கு நடித்தவர் ஒரு மனிதர். பெயரும் உருவமும் உரிமையாளரிடம் இருந்தால் நாயே தேவையில்லை.

எதிர்த்திசையில் ஒரு போக்கும் தென்படுகிறது. கான் திரைவிழாவையொட்டி 2001 முதல் வழங்கப்படும் ‘பாம் டாக்’ விருதை, ‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’ படத்துக்காக 2023இல் மெஸ்ஸி என்ற பார்டர் கோலி பெற்றது. பாத்திரத்தின் பெயர் ஸ்னூப். செய்திகளில் பரவியதோ மெஸ்ஸியின் பெயர். வேடிக்கையாகத் தொடங்கிய விருது, நடித்த உயிருக்குத் தனிப் பெயர் உண்டு என்பதை மீண்டும் பதிவு செய்கிறது. ஆனால் அந்தப் பெயருடன் ஊதியமோ உரிமையோ சேர்வதில்லை. ஆகவே திரை நாயின் வரலாற்றை விசுவாசத்தின் கதையாக மட்டுமன்றி, உழைப்பும் உடைமையும் பிரிந்த கதையாகவும் எழுத வேண்டியிருக்கிறது.