அடைத்த குடமிளகாய்

அடைத்த குடமிளகாய் என்பது இத்தாலிய வீட்டுச் சமையல்களில் ஒன்று. குடமிளகாயின் விதையை எடுத்துவிட்டு, காய்ந்த ரொட்டித்தூள், தக்காளி, பூண்டு, தழை, பாலாடைக்கட்டி ஆகியவற்றைப் பிசைந்து உள்ளே வைத்து, எண்ணெயில் நிதானமாக வேகவைப்பார்கள். இத்தாலியில் இதன் பெயர் ‘பெப்பரோனி ரிப்பியேனி’. ‘ரிப்பியேனி’ என்றால் நிரப்பியவை. கொத்துக்கறி வைத்துச் செய்யும் வகையும் அங்கே உண்டு. திருப்பூர் வட்டாரத்து அடுப்படிக்குப் பொருந்துவது கறி சேராத வகை என்பதால் இங்கே அதுவே விரிவாகச் சொல்லப்படுகிறது.

கறிக்கு மாற்றாக ரொட்டியை வைத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தென் இத்தாலியின் ஏழைக் குடும்பங்களில் கறி என்பது ஞாயிற்றுக்கிழமைக்கும் திருவிழாவுக்கும் உரியது; மற்ற நாட்களில் வீட்டில் மிஞ்சியது காய்ந்த ரொட்டி. அதை வீணாக்காமல் தூளாக்கிப் பல சமையல்களுக்குப் பயன்படுத்தினார்கள். கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. கொங்கு நாட்டிலும் வெள்ளிக்கிழமையன்று கவிச்சி சமைக்காத வீடுகள் ஏராளம். கறிக்கோழி வளர்ப்புக்குப் பேர்போன பல்லடம் இருக்கும் இதே மாவட்டத்தில், புரட்டாசி பிறந்தால் கோழி விற்பனை மந்தமாகிவிடுகிறது. அந்த மாதத்துச் சமையலுக்கு இந்தப் பண்டம் நன்றாகக் கைகொடுக்கும்.

பெயரும் வரலாறும்

‘பெப்பரோனே’ என்ற இத்தாலியச் சொல் மிளகைக் குறிக்கும் ‘பெப்பே’யிலிருந்து வந்தது. தமிழில் மிளகிலிருந்து மிளகாய் வந்ததும் இதே வழிதான். அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாயைக் கொலம்பஸ் 1493இல் ஸ்பெயினுக்குக் கொண்டு சேர்த்தார். போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் அது இந்தியாவுக்கு வந்தது. புதிதாக வந்த காய்க்கு, தாங்கள் ஏற்கெனவே அறிந்திருந்த காரத்தின் பெயரையே இரு நாட்டாரும் சூட்டினார்கள். அந்தப் பழைய காரம் இரு நாட்டுக்கும் பொதுவானது. முசிறித் துறையிலிருந்து ரோமுக்கு மிளகு போன காலத்தில், காங்கேயம் பக்கத்துப் படியூரில் தோண்டிய பச்சைக்கல்லும் கடல் கடந்து போனது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல் அந்த வணிகப் பெருவழியில் இருந்த ஊர்.

இத்தாலிக்கும் திருப்பூருக்குமான இக்காலத் தொடர்பு 1978இல் தொடங்கியதாகத் தொழில் வரலாறு சொல்கிறது. வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலம் வெள்ளை டி-சர்ட் வாங்க அந்த ஆண்டு இங்கே வந்தார். உள்நாட்டுக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் ஐரோப்பாவுக்குத் தைக்கத் தொடங்கியதற்கு அந்த வருகை வழிதிறந்தது. பின்னாளில் இத்தாலிய எந்திரங்களும் இங்கத்துப் பட்டறைகளுக்கு வந்தன. அந்த நாட்டு வீட்டுச் சாப்பாடு மட்டும் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. பீட்சா வந்ததைச் சொல்லலாம், ஆனால் அது கடைப் பண்டம்.

காய்

குடமிளகாயில் காரம் இல்லை. காரம் தரும் கேப்சைசின் உண்டாவதற்கான மரபணு இதில் செயல்படுவதில்லை. பச்சையாக விற்பது முற்றாத காய். செடியிலேயே விட்டால் வகைக்கு ஏற்பச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ பழுத்து இனிப்பேறும். இத்தாலியர் பெரும்பாலும் பழுத்ததைத்தான் அடைக்கிறார்கள். பியமோந்தே பகுதியின் கார்மஞோலா ஊர் குடமிளகாய்க்குப் பேர்போனது. ஆண்டுதோறும் கோடை முடிவில் அங்கே குடமிளகாய்த் திருவிழாவே நடக்கிறது. நம் பக்கம் ஓசூர் வட்டாரத்துப் பசுமைக்குடில்களில் நிறக் குடமிளகாய் விளைகிறது. திருப்பூர்ச் சந்தையில் பச்சைதான் மலிவு. அதில் செய்தால் லேசான கசப்பு இருக்கும். பூரணத்தில் தக்காளியைச் சற்றுக் கூட்டினால் அந்தக் கசப்பு அடங்கும். அடிப்பக்கம் நான்கு மேடாக இருக்கும் காயைப் பொறுக்கி எடுத்தால் சட்டியில் சாயாமல் நிற்கும்.

செய்முறை

நான்கு பேருக்குத் தலைக்கு ஒன்றாக, ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள நான்கு காய் போதும். காம்போடு சேர்த்து மேல்பக்கத்தை மூடிபோல வட்டமாக அறுத்து எடுத்து வைக்க வேண்டும். விதையையும் உள்ளே ஓடும் வெள்ளை நரம்பையும் நீக்கி, உட்பக்கம் உப்பைத் தடவிப் பத்து நிமிடம் கவிழ்த்து வைத்தால் நீர் கொஞ்சம் இறங்கும்.

பூரணத்தில் ரொட்டிதான் முக்கியம். நம் பேக்கரிகளில் இனிப்பு பிரட்டும் உண்டு, சால்ட் பிரட்டும் உண்டு. இதற்குச் சால்ட் பிரட் மட்டுமே ஆகும். வாங்கி இரண்டு நாள் காயவிட்டு, 150 கிராம் அளவுக்குக் கையால் உதிர்க்க வேண்டும். மிக்ஸியில் அடித்தால் மாவாகிவிடும், வெந்தபின் களிபோல ஒட்டிக்கொள்ளும். குடமிளகாயில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். சூட்டில் அது கசியும்போது காய்ந்த ரொட்டி அதையெல்லாம் குடித்துக்கொள்கிறது. புது ரொட்டியில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் அந்தச் சாறு உள்ளே ஏறுவதில்லை.

கடலை எண்ணெய் மூன்று கரண்டி காயவைத்து, தட்டிய பூண்டு நான்கு பல், பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் ஒரு கை, இரண்டு தக்காளி ஆகியவற்றைத் தொக்காகும்வரை வதக்கி ரொட்டியோடு பிசைய வேண்டும். இத்தாலியர் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். காங்கேயம் தேங்காயெண்ணெய் இந்த மாவட்டத்துப் பெருமைதான் என்றாலும் அதன் வாசம் இங்கே ரொட்டியை அமுக்கிவிடும். பார்ஸ்லித் தழைக்குப் பதில் கொத்தமல்லி போடலாம். அங்கே உப்பிலிட்ட கேப்பர் மொட்டும் ஆலிவும் சேர்ப்பார்கள். கேப்பர் கிடைக்காதபோது எண்ணெயில் பொரித்த மணத்தக்காளி வற்றல் ஒரு கரண்டி போட்டால், உப்பும் கசப்பும் கலந்து கேப்பரின் இடத்தைப் பெருமளவு நிரப்பிவிடும்.

பாலாடைக்கட்டியையும் இதோடு சேர்த்துப் பிசைய வேண்டும்; அதில் சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்மிஜானோ, பெக்கொரினோ ரொமானோ போன்ற இத்தாலிய வகைகளில் பாலை உறையவைப்பது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். இந்தியாவில் பச்சைப் புள்ளியிட்டு விற்கும் கட்டிகளில் அது இருக்காது. தெற்கே நாப்போலியில் பூரணத்துக்குள் நெத்திலியும் நசுக்கிப் போடுவார்கள். இறைச்சி விலக்கும் நாளிலும் அங்கே மீன் உண்ணலாம் என்பதால் ‘கறி இல்லாதது’ என்று அவர்கள் சொல்வதெல்லாம் நம் கணக்கில் சைவம் ஆகாது.

பிசைந்ததை முக்கால் பங்கு மட்டும் தளர அடைக்க வேண்டும், ரொட்டி ஊதும். அறுத்து வைத்த மூடியால் மூடி, அவன் இருந்தால் 180 டிகிரியில் 40 நிமிடம் வைக்கலாம். அவன் இல்லாத வீட்டில் அடிகனமான வடச்சட்டி போதும். இத்தாலியிலேயே அடுப்பில் சட்டியில் வைத்துச் செய்யும் வீடுகள் உண்டு. சட்டியில் எண்ணெயோடு ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு உருண்டை போட்டு, காய்களை நெருக்கி நிறுத்தி, தட்டுப் போட்டுச் சிறுதீயில் அரை மணி நேரம் விட வேண்டும். நடுவில் நாலைந்து முறை பக்கம் திருப்பிக் கொடுத்தால் தோல் எல்லாப் பக்கமும் சுருங்கிக் கருக்கும். தோல் கருகிய இடத்தில்தான் இனிப்பு கூடுகிறது.

உறவுப் பண்டங்கள்

துருக்கியில் இதே காயில் அரிசியை அடைத்தால் ‘டோல்மா’. அந்தச் சொல்லின் வேரும் நிரப்புதல்தான். மராத்தியர் கடலைமாவை அடைக்கிறார்கள், வடக்கே உருளைக்கிழங்கு. பீகார்க்காரர்கள் மிளகாய்க்குள் வைக்கும், வறுத்த கடலையை அரைத்த ‘சத்து’ மாவு, பனியன் வேலைக்கு வந்த குடும்பங்களோடு திருப்பூருக்கும் வந்திருக்கிறது. கொங்கில் நிலக்கடலையும் எள்ளும் தேங்காயும் அரைத்து நாலாகக் கீறிய பிஞ்சில் அடைக்கும் எண்ணெய்க் கத்திரிக்காய் இதற்கு நெருங்கிய உறவு. கத்திரிக்காயில் மசாலா காய்க்குச் சுவை கொடுக்கப் போகிறது. குடமிளகாயில் பூரணமே வயிறு நிறையச் சாப்பிடும் சாப்பாடு.

அடுப்பிலிருந்து இறக்கியவுடன் இதைச் சாப்பிடக் கூடாது. ஆறினால்தான் சாறு ரொட்டியில் நின்று சுவை கூடும், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வருகிறவர் சமைத்து வைத்துவிட்டால், காலையில் தூக்குப்போசியில் எடுத்து வைத்து மதியம் கம்பெனியில் சாப்பிடலாம். காய் உடைந்து போயிருந்தால் சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டிக்கொள்ளலாம்.