‘ஸ்பானிய ஷாம்பெயின்’: ஒரு மலிவு மாற்றின் வழக்கு

1958ஆம் ஆண்டு இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் கோஸ்டா பிராவா என்னும் ஒயின் நிறுவனம் குற்றஞ்சாட்டப்பட்டது. கட்டலோனியாவில் உருவான பெரெலாதா என்ற நுரை ஒயினை ‘ஸ்பானிய ஷாம்பெயின்’ என்று விற்றதே குற்றம். ஜூரிகள் விடுவித்தனர். பிரான்சின் பன்னிரண்டு ஷாம்பெயின் நிறுவனங்கள் அத்துடன் நிற்கவில்லை. உரிமையியல் வழக்குத் தொடுத்து 1960 டிசம்பரில் வென்றன. ஒயினைப் பற்றி அதிகம் கற்றிராத, எப்போதாவது மட்டுமே ஷாம்பெயின் வாங்குகிற மக்கள் இப்பெயரால் ஏமாறக்கூடும் என்பது நீதிபதி டேங்க்வெர்ட்ஸ் கண்ட முடிவு. ஒரு சொல்லின் உரிமையைப் பற்றிய இவ்வழக்கு, அவ்வகையில் வாங்குபவரின் வர்க்கத்தைப் பற்றியதாகவும் இருந்தது.

பெயர் போனது, பண்டம் போகவில்லை. புட்டியிலேயே இரண்டாம் முறை நொதிக்கவைக்கும் ஷாம்பெயின் முறையை, கட்டலோனியாவின் சான்ட் சதுர்னி ஊரில் ஜோசப் ரவென்தோஸ் 1872இலேயே கையாண்டிருந்தார். மண்ணும் திராட்சையும் வேறு. காலமும் வேறு: ஷாம்பெயின் குறைந்தது 15 மாதம் புட்டியில் முதிர வேண்டும், ஸ்பானிய ஒயினுக்கு 9 மாதம் போதும். ஈஸ்ட் வண்டலோடு நெடுநாள் கிடப்பதால் சேரும் ரொட்டி மணம் ஷாம்பெயினின் பெருமைகளுள் ஒன்று.

காக்டெயிலில் முதலில் அமிழ்வதும் அம்மணமே. 1862இல் வெளிவந்த ஜெர்ரி தாமஸின் நூலில் ஷாம்பெயின் காக்டெயிலுக்குச் சர்க்கரை, பிட்டர்ஸ், எலுமிச்சைத் தோல், பனிக்கட்டி எல்லாம் சேர்கின்றன. பிறகு நன்கு குலுக்கவும் சொல்கிறார்! குமிழியின் கதி என்னவாகும்? ஜின்னும் எலுமிச்சைச் சாறும் கலக்கும் ‘பிரெஞ்சு 75’இல் எஞ்சி நிற்பவை புளிப்பும், இனிப்பின்மையும், குமிழியின் வேகமும்தான். அவற்றை லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை கொண்ட ‘புரூட்’ வகை ஸ்பானிய ஒயின் குறைந்த விலையில் தருகிறது. ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்ற முத்திரை அதைவிட இனிப்பானது என்பதை வாங்குவோர் பலர் அறிவதில்லை.

இத்தாலியின் புரொசெக்கோ பெரும்பாலும் எஃகுத் தொட்டியில் நொதிப்பது, பழமணம் மிக்கது. வெனிஸ் நகரின் ஹாரிஸ் பாரில் ஜூசெப்பே சிப்ரியானி வெள்ளைப் பீச் பழக்கூழோடு அதைச் சேர்த்து உருவாக்கிய ‘பெல்லினி’யில் ஷாம்பெயின் ஊற்றுவது வீண்செலவு.

ஸ்பானியர் பின்னர் நிலவறையைக் குறிக்கும் ‘காவா’ என்ற சொல்லைத் தம் ஒயினுக்குச் சூட்டிச் சட்டப் பாதுகாப்பும் பெற்றனர். 2009இல் இத்தாலியர் ஒருபடி மேலே சென்றனர்: புரொசெக்கோ என்பதை இடப்பெயராக்கிப் பிறருக்குத் தடுத்து, அப்பெயர் கொண்ட திராட்சைக்கு ‘கிளேரா’ என்று வேறு பெயர் சூட்டினர்.