சிங்கப்பூர்ப் பெட்டியில் வந்த புலி

சபுராளி பெட்டி பிரிக்கிற நாள் என்று ராமநாதபுரம் கரையோர ஊர்களில் ஒரு நாள் உண்டு. சிங்கப்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வந்தவர் நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். பொடிசுகளுக்கு மிட்டாய், இளவட்டங்களுக்கு சென்ட்டும் சட்டைத்துணியும், பெண்களுக்குப் புடவையும் மைலோ டின்னும். கடைசியாகப் பெட்டி மூலையிலிருந்து ஒரு டஜன் சின்னப் புட்டிகள் வெளியே வரும். அறுகோணக் கண்ணாடி, தங்க நிற மூடி, ஒட்டிய தாளில் பாயும் புலி. அவை பெரியவர்களுக்கு. யாருக்கு ஒன்று, யாருக்கு இரண்டு என்பதிலேயே உறவின் நெருக்கம் தெரிந்துவிடும். கிடைக்காதவர் மாதக் கணக்கில் பேசமாட்டார்.

சிங்கப்பூர்ச் சரக்கு என்று நாம் சொல்லும் இந்த டைகர் பாம் உண்மையில் ரங்கூன்காரன். தென்சீனத்து ஹக்கா வைத்தியர் ஆவ் சூ கின் 1870-களில் ரங்கூனுக்கு வந்து 'எங் ஆவ்ன் தோங்' என்ற மருந்துக்கடையைத் திறந்தார். அந்தக் கடை வளர்ந்த காலத்து ரங்கூன் பாதி நம்மூர். மொகல் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள். அங்கே சம்மணமிட்டு, கைப்பெட்டியின் மேல் குனிந்து, விளக்கு வைத்த பிறகும் ஐந்தொகை எழுதிய கணக்குப்பிள்ளைகள். துறைமுகத்தில் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிப் பலகை மீது நடந்த தெலுங்கர்களும் தமிழர்களும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அந்த நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஒருவனுக்குத் தூக்கித் தூக்கி வலி, இன்னொருவனுக்குக் குனிந்து குனிந்து வலி. தைலம் விற்கிறவனுக்கு இதைவிட நல்ல ஊர் எங்கே கிடைக்கும்?

1908-இல் ஆவ் சூ கின் இறந்தார். கடை பூன் ஹாவ், பூன் பார் என்ற இரு மகன்கள் கைக்கு வந்தது. அப்பாவின் கைப்பக்குவத்தை ஒரே அளவு, ஒரே மணம் என்று நிலைப்படுத்திப் புட்டியில் அடைத்தவர்கள் இவர்கள்தான். ஹாவ் என்றால் புலி, பார் என்றால் சிறுத்தை. அண்ணன் பெயர்தான் தைலத்துக்கும். புலிக்கொழுப்பைப் போட்டுத்தான் காய்ச்சுகிறார்கள் என்று அடித்துச் சொல்கிற பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உள்ளே புலியின் ஒரு மயிர்கூடக் கிடையாது.

1926-இல் அண்ணன் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தார். நீல் சாலையில் தொழிற்கூடம் வந்தது. பூன் ஹாவ் மருந்துக்காரர் என்பதைவிட விளம்பரக்காரர் என்பதே சரி. காரின் முகப்பில் புலித்தலை, உடம்பெல்லாம் வரி, ஹாரன் அடித்தால் உறுமல்; அப்படி ஊர் ஊராகப் போனார். பத்திரிகைகளுக்கு விளம்பரக் காசு அழுவானேன் என்றோ என்னவோ, 1929-இல் 'சின் சியூ ஜிட் போ' என்ற நாளிதழையே தொடங்கிவிட்டார். தைலத்துக்கும் பத்திரிகைக்கும் அப்படியென்ன பொருத்தமோ, நம் பக்கத்திலும் இதே கதைதான். 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ்தான் 'ஆந்திர பத்திரிகா'வையும் நடத்தினார். தலைவலிக்கு மருந்தும் தலைவலி தரும் செய்தியும் ஒரே முதலாளியிடமிருந்து! தம்பிக்காக அண்ணன் 1937-இல் கட்டிய மாளிகையும் தோட்டமும்தான் ஹாவ் பார் வில்லா. நரகத்தின் பத்து நீதிமன்றங்களைச் சுதைச் சிற்பமாக வடித்து வைத்திருக்கும் அந்தத் தோட்டத்தில் குழந்தைகளோடு போய்ப் பயந்து திரும்பாத சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் குறைவு.

போர் வந்தது. தம்பி ரங்கூனுக்கே திரும்பி 1944-இல் அங்கு இறந்தார். அண்ணன் 1954-இல் காலமானார். பிறகு குடும்பச் சொத்து பங்குச்சந்தைக்குப் போனது, கை மாறியது. அந்தக் கதை கம்பெனி வக்கீல்களுக்குச் சுவையாக இருக்கலாம். எனக்குப் புட்டிக்குள் இருப்பதுதான் சுவை.

உள்ளே நாலைந்து நாடுகள் உண்டு. சாதாரணப் புட்டியில் நூற்றுக்கு 25 பங்கு கற்பூரம். ஒரு காலத்தில் அது தைவான் காட்டு மரம். கட்டையைச் சீவி, ஆவியில் வேகவைத்து, குளிரவைத்து எடுப்பார்கள். 1899-இல், அப்போது தைவானை ஆண்ட ஜப்பானிய அரசு அந்த வாணிபத்தையே தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. இன்று சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது. நம் பூஜைத் தட்டில் எரிவதும் அதுவே. கிராம்பு எண்ணெயும் கஜுபுட் எண்ணெயும் இந்தோனேசியத் தீவுகளின் சரக்கு. சிவப்பு வகையில் மட்டும் சீனத்து லவங்கப்பட்டை எண்ணெய் சேர்கிறது. சூட்டைக் கூட்டிக் காட்டுவதும் வெள்ளைச் சட்டைக் காலரில் கறையாக உட்காருவதும் அந்த வகைதான்.

எனக்கு வியப்பு தருவது, புதினாவிலிருந்து எடுக்கும் மெந்தால் இந்தப் புட்டிக்குள் வந்த வழி. 1930-களின் கடைசியில் ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், கிதாமி என்ற ஊர்ப்பக்கம் விளைந்த புதினாதான் உலகச் சந்தையில் ஏறத்தாழ 70 விழுக்காடு. போருக்குப் பிறகு அந்த இடம் கைநழுவியது. 1950-களில் அதே சாதிப் புதினா இந்தியாவுக்கு வந்து, பிறகு உத்தரப் பிரதேசத்துச் சமவெளியில் வேரூன்றிவிட்டது. லக்னோவிலுள்ள மத்திய மூலிகை ஆய்வு நிறுவனம் புதுப்புது ரகங்களைக் கொடுத்தது. இன்று இயற்கை மெந்தாலில் உலகுக்கே பெரிய விளைநிலம் இந்தியா. அதில் பாராபங்கி மாவட்டம் பெயர்பெற்றது. அங்கே உருளைக்கிழங்கு தோண்டிய வயலில் பிப்ரவரி, மார்ச்சில் நாற்று நடுகிறார்கள். மழை இறங்குவதற்கு முன் அறுத்தாக வேண்டும், நனைந்தால் எண்ணெய் போச்சு. அறுத்ததைக் காயவிட்டு, வயலோரத்து இரும்புத் தொட்டியில் அடைத்து, அடியில் தீ மூட்டி ஆவியாக்கிப் பிடிக்கிறார்கள். மேலே மிதக்கும் எண்ணெயை வடித்துக் கேனில் ஊற்றிக் கமிஷன் மண்டிக்கு. ஆலையில் அதைக் குளிர வைத்தால் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும். நாற்பது டிகிரி வெயிலைத் தாண்டும் வயலில் விளைகிற குளிர்ச்சி அது.

ஆனால் குளிர்ச்சி என்பதே ஒரு பொய். தைலம் பட்ட தோல் உண்மையில் அவ்வளவு குளிர்வதில்லை. நரம்பு நுனிகளில் டிஆர்பிஎம்8 என்றொரு வாயில் இருக்கிறது. சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் திறப்பது அதன் இயல்பு, மெந்தால் பட்டாலும் ஏமாந்து திறந்துவிடும். மூளைக்குப் போகும் சேதி 'குளிர்' என்பதுதான். இதை 2002-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடமும் ஆர்டெம் படபூட்டியனின் ஆய்வுக்கூடமும் தனித்தனியே கண்டுபிடித்தன. கற்பூரம் இதேபோல் சூட்டு வாயில்களைத் தட்டுகிறது. சூடும் குளிருமாக இரண்டு சத்தம் ஒன்றாகக் கேட்கும்போது, அடியில் முனகும் வலி கொஞ்சம் அமுங்கிப்போகிறது. தைலத்தின் வேலை பெரும்பாலும் தோல்மட்டத்தில் முடிந்துவிடுகிறது. படபூட்டியன் 2010-இல் வேறொன்றையும் கண்டார்: அழுத்தினால் திறக்கும் வாயில்கள், பியெசோ என்று பெயர். 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் இருவருக்கும் சேர்ந்து, வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வழிகளைக் கண்டதற்காக. புட்டிக்குப் பாதி, கைக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்த பரிசாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

கை இல்லாமல் இந்தப் புட்டி இவ்வளவு தூரம் வந்திருக்காது. காரைக்குடிப் பக்கத்து வீடொன்றில் பார்த்தது: பேத்தி சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, லீவில் வந்திருக்கிறாள், கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அப்பத்தா முக்காலியில் உட்காரவைத்துப் பின்னால் நின்றார். தைலம் எடுத்தது ஒரு பாசிப்பயறு அளவுதான். இரண்டு உள்ளங்கையிலும் பரப்பித் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டார். இடது கை பேத்தியின் நெற்றியைத் தாங்கியது. தலைப் பாரம் முழுக்க அந்தக் கையில். வலது கட்டைவிரல் காதுக்குப் பின்னால் தொடங்கி, கழுத்தோரமாகத் தோள்முனை வரை மெதுவாக வழித்து இறங்கியது. மூன்றாம் முறை தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே நின்றுவிட்டது.

"இந்தா, இங்கதானே? கல்லுக் கணக்காக் கெடக்கே."

"ஐயோ அப்பத்தா, மெதுவா!"

"மூச்சப் புடிக்காத. விடு. இன்னும் விடு."

அழுத்திய விரலை அவர் ஆட்டவே இல்லை. பேத்தி மூன்று நான்கு மூச்சு விட்ட பிறகு, காது வரை ஏறியிருந்த தோள் தானாகக் கீழே இறங்கியது. அதன் பிறகுதான் உள்ளங்கையால் பிசைந்தார், விலா எலும்பின் பக்கமாக உருவிவிட்டார். கடைசியில் ஒரு துண்டைப் போர்த்தி, "கண்ணக் கசக்கிராத" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். சித்த மருத்துவம் தொக்கணம் என்று பெயர் வைத்து தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகை சொல்கிறது. அப்பத்தா அதெல்லாம் படித்ததில்லை. நான் பார்த்த அரை மணியில் நாலைந்தாவது வந்து போயிருக்கும்.

மூட்டை தூக்காத பேத்திக்கு ஏன் தோள் கல்லானது? ஸ்வீடன் ஆய்வாளர் யோரன் ஹேக் இதற்கு ஒரு விளக்கம் சொல்லி, அதற்குச் சிண்டரெல்லா என்று பெயர் வைத்தார். தசையை இயக்கும்போது எல்லா இழைக்கூட்டமும் ஒரே நேரத்தில் வேலைக்கு வருவதில்லை. மெல்லிய வேலைக்குச் சிறிய இழைகள் முதலில் வரும், கடைசியில்தான் போகும். மவுஸைப் பிடித்த கையைத் தாங்குவதும் செல்போனுக்குக் குனிந்த தலையைத் தாங்குவதும் மெல்லிய வேலைதான். ஆனால் எட்டு மணி நேரமும் அதே இழைகள் ஓய்வில்லாமல். கதையில் வரும் அந்தப் பெண்ணைப் போல விடிந்ததிலிருந்து எல்லோரும் தூங்கும் வரை அடுப்படியில். மூட்டை தூக்கியவனாவது இறக்கி வைத்தான். இவள் எதையும் தூக்கவில்லை, எனவே இறக்கவும் தோன்றவில்லை. தையல்காரர், பேருந்து ஓட்டுநர், நாள் முழுக்க அடுப்படி மேடையில் குனிந்து காய் நறுக்குகிறவர், எல்லோருக்கும் இதே கணக்கு.

பிடித்துவிட்டால் தசையில் தேங்கிய 'லாக்டிக் அமிலம்' வெளியேறும் என்று ஸ்பா வாசலில் எழுதி வைத்திருப்பார்கள். நம்ப வேண்டாம். 2012-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பதினோரு இளைஞர்களை சைக்கிள் மிதிக்க வைத்துக் களைப்பாக்கி, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் பிடித்துவிட்டு, இரு காலிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். லாக்டிக் அமிலத்தில் மாற்றமில்லை. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் மட்டும் பிடித்துவிட்ட காலில் குறைந்திருந்தன. நாள்பட்ட முதுகு வலிக்கு மசாஜ் எவ்வளவு உதவும் என்று ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் இன்னும் அடக்கமாகவே பேசுகிறார்கள்: கொஞ்ச காலத்துக்கு நிவாரணம் உண்டு, சான்றின் தரம் உயர்வல்ல. எனக்கு இது போதும். வலி இறங்கியிருக்கும் அந்த இரண்டு நாளில் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, தோளை நாலு தடவை சுற்றுகிறவருக்குத்தான் அப்பத்தாவின் உழைப்பு மிச்சமாகும். மற்றவர் மறுவாரமும் முக்காலியில்.

புட்டியைப் பற்றிச் சில எச்சரிக்கைகள் சொல்லியாக வேண்டும். கற்பூரம் விழுங்கினால் விஷம், வலிப்பு வரும். சின்னக் குழந்தைகளுக்குத் தடவவும் கூடாது, அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவும் கூடாது. அமெரிக்கா 1983-லேயே மேற்பூச்சு மருந்துகளில் கற்பூரத்துக்கு 11 விழுக்காடு என்று வரம்பு கட்டிவிட்டது. தைலம் பூசிய இடத்தில் உடனே சுடுநீர்ப் பை வைத்தால் தோல் வெந்துபோகலாம். கை மரத்துப்போனாலோ, பிடித்த டம்ளர் நழுவினாலோ அது தைலத்துக்கும் அப்பத்தாவுக்கும் உரிய வேலை அல்ல. டாக்டரிடம் போக வேண்டும்.

ரங்கூனில் தொடங்கிய புட்டி இப்போது பல உருவில் வருகிறது. கழுத்துக்கும் தோளுக்கும் என்றே ட்யூபில் அடைத்த களிம்பு, கை மணக்காமல் இருக்க. அப்புறம் பிளாஸ்டர்: தாளை உரித்து ஒட்டினால் மணிக்கணக்கில் வேலை செய்யும், யாரும் தேய்க்க வேண்டாம். தனியாக ஊர்விட்டு ஊர் வந்து வாழ்கிறவர்களுக்கு என்றே செய்தது போலிருக்கிறது. பேத்தியும் சென்னைக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கு வலிக்கிற இடமோ இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவே. அங்கே பிளாஸ்டர் ஒட்டவும் இன்னொரு ஆள் வேண்டும்.