கோடும் குறிப்பும்: பஞ்சமி நிலமும் நில அளவையின் வரலாறும்



நில அளவைக்காரர்களைப் பற்றி என் பாட்டி ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். “சங்கிலிய இழுத்தது உன் தாத்தா. கல்லச் சொமந்து நட்டதும் உன் தாத்தா. எழுதுனது மட்டும் அவங்க.” கிராமத்தில் வெட்டியான் வேலை பார்த்தவர் தாத்தா. அளக்க வருகிறவர்கள் ஊர்த் தெருவில் சாப்பிடுவார்கள், சேரிப் பக்கம் வந்தால் வரப்பிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள். பாட்டியின் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் தமிழக நில நிர்வாகத்தின் இருநூறு ஆண்டு வரலாறு அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. இன்று பேசப்போவது அதைத்தான்.

இப்போது சங்கிலி இல்லை. வயலில் ரோவர் கருவியை நிறுத்தினால் செயற்கைக்கோளின் உதவியால் சில சென்டிமீட்டர் பிழைக்குள் எல்லை தெரிந்துவிடுகிறது. 2020 ஏப்ரலில் ஒன்றிய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்புகளை ட்ரோன்கள் படம் பிடிக்கின்றன. பட்டாவும் அ-பதிவேடும் புலப்படமும் கைப்பேசிக்கே வந்துவிட்டன. மனிதக் கை குறையக் குறைய லஞ்சமும் குறையும் என்கிறார்கள். பாதி உண்மைதான். ஒரு சிட்டா நகலுக்காக நான்கு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலக வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். அந்தக் காத்திருப்பு ஒழிந்ததை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். மற்றப் பாதிதான் என் கவலை.

1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையில் சுமார் ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவை முக்கோணங்களாக அளந்த மாபெரும் பணியின் முதல் கோடு அது. (அந்தப் பெரும்பாக்கத்தில்தான் இன்று சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள்.) ஆனால் நம் வயல்களின் புலப்படம் அந்த முக்கோணங்களிலிருந்து பிறந்ததல்ல. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வரி வசூலுக்காக நடந்த வேறொரு அளவையின் குழந்தை. 66 அடிச் சங்கிலி, அதில் 100 கண்ணிகள். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். இன்றும் நாம் நிலம் பேசுவது அந்தக் கணக்கில்தான். ஒவ்வொரு புலமும் தனித்தனித் தாளில் வரையப்பட்டது. எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு எத்தனை கண்ணி என்று அதில் இருக்கும். பூமியின் எந்தப் புள்ளியில் அந்தப் புலம் கிடக்கிறது என்று இருக்காது. கல் இருக்கும்வரை படம் பேசும், கல்லைப் பிடுங்கிவிட்டால் ஊமை. கல்லைப் பிடுங்குவதற்கு இரவு ஒன்று போதும். அட்சரேகை, தீர்க்கரேகையோடு இன்று பதிவாகும் எல்லையை அப்படிப் பிடுங்க முடியாது. இதுவே புதிய தொழில்நுட்பத்தின் உண்மையான பலம்.

ஆனால் நம் நிலம் கல்லைப் பிடுங்கியதால் மட்டும் போகவில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அங்கே தரிசு நிலத்தைத் தர்க்காஸ்து போட்டு வாங்கலாம் என்று விதி இருந்தது. ஆனால் மிராசுதாருக்கு முன்னுரிமை. அவருக்குத் தேவையில்லாத நிலமானாலும் பறையர் ஒருவர் மனுப் போட்டதும் தேவை வந்துவிடும். குடியிருக்கும் மனையும் மிராசுதாரின் பிடியில் இருந்ததால் மனுப் போட்டவர் வீட்டையும் இழக்க நேரிடும். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளும் இதை எழுதினார்கள். திரமென்கீர் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் ஆணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கும் வழி பிறந்தது. நாளடைவில் வருவாய்த் துறை நிலை ஆணைகளில் நிபந்தனையும் உறுதிப்பட்டது: பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதன் பின்பும் அதே வகுப்பாருக்குள்தான் கைமாற வேண்டும். இப்படி 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டது என்பது இயக்கங்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு.

இந்த நிபந்தனை எங்கே வாழ்ந்தது? வரைபடத்தில் அல்ல. பஞ்சமி நிலத்தின் புலப்படமும் மிராசுதாருடைய நிலத்தின் புலப்படமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பதிவேட்டின் கடைசிக் கலத்தில், ‘குறிப்பு’ என்ற தலைப்பின்கீழ், ‘டி.சி. கண்டிஷன்’ என்று ஓர் எழுத்தர் மசியால் எழுதிய இரண்டு சொற்கள். நம் நிலத்துக்கு வேலி அவ்வளவுதான். பதிவேட்டை வைத்திருந்தவர் கர்ணம். நிலத்தின் மீது கண் வைத்திருந்தவர் பெரும்பாலும் அவருடைய உறவினர், அல்லது அவர் தினமும் திண்ணையில் சந்திப்பவர்.

1979இல் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் பணி தொடங்கியது. ‘யு.டி.ஆர்.’ என்றால் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். நடுவில் 1980இல் கர்ணம் பதவியும் ஒழிந்தது. அனுபவத்தில் யார் இருக்கிறார் என்று கேட்டுப் புதிய பதிவேடு எழுதினார்கள். பல ஊர்களில் இந்தப் படியெடுப்பில்தான் அந்த இரண்டு சொற்கள் காணாமல் போயின. பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் நிபந்தனை இருக்கும். புதியதில் குறிப்புக் கலம் வெறுமையாக இருக்கும். பெயர்க் கலத்தில் வேறொருவர் இருப்பார். பிறகு கணினி வந்தபோது அது தட்டச்சு செய்துகொண்டது புதிய பதிவேட்டைத்தான். திருட்டு முடிந்த மறுநாள் காலையிலிருந்து கணினியின் நினைவு தொடங்குகிறது. அதன்மேல் ரோவர் கருவியால் எல்லையைத் துல்லியமாகக் குறித்தால் துல்லியமாகப் பதிவாவது ஆக்கிரமிப்பாளரின் எல்லை.

கர்நாடகத்தில் பூமி திட்டம் 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் நில ஆவணங்களைக் கணினிமயமாக்கியது. 15 ரூபாய்க்கு நகல் கிடைத்தது. கிராமக் கணக்கரின் பிடி தளர்ந்தது. உலகமெங்கும் பாராட்டு. ஆனால் பெங்களூரின் புறநகரில் சாலமன் பெஞ்சமினும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் கண்டது. சிதறிக் கிடந்த தகவல் ஓரிடத்தில் சேர்ந்ததும், எந்த நிலம் எளிதில் கைப்பற்றத் தக்கது என்பதைப் பெரும் நில வணிகர்களால் வேகமாக அறிய முடிந்தது. கையூட்டு கிராமத்திலிருந்து மேலே இடம்பெயர்ந்தது. தலித்துகளுக்கு வழங்கிய நிலத்தைக் காக்க 1978லேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் அது.

அப்படியானால் கருவியே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. குஜராத்தில் வன உரிமைச் சட்டத்தின்கீழ் ஆதிவாசிகளின் மனுக்கள் பெருமளவில் நிராகரிக்கப்பட்டபோது, ஆர்ச் வாகினி அமைப்பு கிராம இளைஞர்களின் கையில் ஜி.பி.எஸ். கருவியைக் கொடுத்தது. அவர்களே தங்கள் வயலைச் சுற்றி நடந்து அளந்தார்கள். அந்த எல்லையைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்தபோது, உழுத நிலம் சாட்சி சொன்னது. கருவி அதேதான். எழுதியவர் மாறினார்.

நாமும் அதைச் செய்ய முடியும். தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். பழைய புல எண் எந்தப் புதிய எண்ணானது என்று காட்டும் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள், அது இல்லாமல் மற்றது பயன்படாது. அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் பெரிதல்ல. இணையத்தில் எத்தனையோ அடுக்குகள் கொண்ட நிலப்படம் தருகிறார்கள். பழைய பதிவேட்டின்படி பஞ்சமி நிலம் எது என்பதை அதில் ஓர் அடுக்காக, ஒரு நிறத்தில், யாரும் பார்க்கும்படி வைக்கட்டும். இதைக் கேட்டதற்காகவா என்று வியக்காதீர்கள்: காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டம் கேட்டதும் பதிவேட்டில் உள்ளதை நிலத்தில் காட்டு என்பதைத்தான்.

எங்கள் ஊரில் மாணவர் ஒருவர் பழைய புலப்படங்களை எடுத்து, மிச்சமிருக்கும் மூன்று ஊர் எல்லைக் கல்லையும் ஏரி மதகையும் பிடிமானமாக வைத்து, செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தினார். இரண்டு வாரம் பிடித்தது. பாட்டி ‘மேட்டுக் கொல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் இப்போது ஒரு மதில் சுவருக்குள், வீட்டு மனைகளுக்கு நடுவில் கிடக்கிறது. பழைய பதிவேட்டின் நகலையும் இணைத்து மனுக் கொடுத்தோம். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நிலம் எங்கே இருக்கிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. என் தாத்தாவுக்கு வழங்கிய ஒப்படைப்பு ஆணையின் அசல் பிரதியோடு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.