மூணாவது சிலிண்டர்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குப் போகிற மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். காலையில் அந்தப் பாதையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, ஜீப்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். எல்லோரும் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

அப்படி ஒரு ஜீப், காய் பறிக்கிற சீஸனில், பாதி மலையில் நின்றுபோனது. கிழட்டு டீசல் வண்டி. கொஞ்ச நாளாகவே ஏற்றத்தில் இழுவை இல்லை. ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, போகப் போக நீலப் புகை. டொக் டொக் என்று ஒரு சத்தம் வேறு. உரிமையாளர் மனைவியின் நகையை பாங்க்கில் வைத்து வாங்கிய வண்டி. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். சத்தத்தைக் கேட்டதுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "இன்ஜினே போச்சு. மொத்தமா மாத்திருங்க."

மனிதர் ஆடிப்போய்விட்டார். அடமானம் வைக்க இன்னொரு செட் நகை இல்லை.

இந்த இடத்தில் ஜீப்பை அப்படியே ஓரம் கட்டிவிட்டு, நாம் கொஞ்சம் ஜெர்மனி வரை போய்வர வேண்டியிருக்கிறது.

*

ருடால்ஃப் டீசல். பெற்றோர் ஜெர்மானியர்கள். பிறந்தது 1858-ல், பாரிஸில். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை மூண்டது. பாரிஸில் ஜெர்மானியர்கள் இருக்க முடியாத நிலை. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. பையனை மட்டும் ஆக்ஸ்பர்க்கில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படிப்பில் புலி. மியூனிக்கில் எஞ்சினீயரிங் படித்தபோது ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. நீராவி எஞ்சின் தின்கிற நிலக்கரியில் பெரும்பகுதி வீணாகத்தானே போகிறது?

அவர் கண்டுபிடித்த வழியைக் கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். இன்னும் இன்னும் அமுக்கினால்? எரிபொருள் பட்டவுடனே தானாகப் பற்றிக்கொள்ளும் அளவுக்குக் கொதிக்கும். தீப்பொறி தேவையில்லை, ஸ்பார்க் பிளக் தேவையில்லை.

1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893 ஆகஸ்ட்டில் முதல் சோதனை. எரிபொருள் உள்ளே போனதும் பற்றியது வாஸ்தவம்தான். கூடவே, அழுத்தத்தை அளக்க மாட்டியிருந்த கருவி வெடித்துச் சிதறியது. நல்லவேளை, ஆள் தப்பினார். அதன்பின் மூன்றரை வருடம் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஒருவர் வந்து சோதித்துச் சான்றிதழ் கொடுத்தார். எரிபொருளின் சக்தியில் 26.2 சதவிகிதம் வேலையாக மாறுகிறது! சாதாரண நீராவி எஞ்சின் பத்து சதவிகிதத்தைத் தொடுவதற்கே மூச்சு வாங்கிய காலம் அது.

அடுத்த வருடம் ஒரு எஞ்சின் விலை போனது. வாங்கியது யார் தெரியுமா? கெம்ப்டன் என்கிற ஊரிலிருந்த தீப்பெட்டித் தொழிற்சாலை! நெருப்புப்பொறியே வேண்டாம் என்கிற எஞ்சினுக்குத் தீக்குச்சிக் கம்பெனி வாடிக்கையாளர். அங்கே போய் அது ஒழுங்காக ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது தனிக்கதை. கோட்பாடு சரி. கோளாறு நடைமுறையில். கொதிக்கும் காற்றுக்குள் எரிபொருளைச் சரியான நொடியில், சரியான அளவில், புகைபோலத் தூவ வேண்டும். அதற்கு அந்தக் காலத்தில் இருந்த ஒரே வழி, ஒரு பெரிய காற்றழுத்த இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்து ஊதித் தள்ளுவது. கப்பலுக்கும் மில்லுக்கும் அது சரிப்படும். காருக்குள் எங்கே வைப்பது?

பெயர் கிடைத்தது, பணம் கிடைத்தது, எல்லாம் முதலீடுகளில் கரைந்தும் போனது. 1913 செப்டம்பர் 29. பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ஏறினார் டீசல். ராத்திரி சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனார். காலையில் ஆள் இல்லை. சில நாள் கழித்துக் கடலில் ஓர் உடல் கிடைத்தது. சட்டைப் பையிலிருந்த பொருட்களைப் பார்த்து மகன் அடையாளம் சொன்னார். தற்கொலையா, கொலையா, தவறி விழுந்தாரா? இன்றுவரை பட்டிமன்றம்தான்.

அவர் விட்டுப்போன சிக்கலை அவிழ்த்தது ராபர்ட் பாஷின் கம்பெனி. 1927-ல் கையடக்கமான ஒரு டீசல் பம்ப்பையும் அதற்கான நாசிலையும் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். உள்ளே உரசி ஓடும் பாகங்களுக்கு நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். தலைமுடி அதற்குப் பக்கத்தில் பனைமரம். லாரிகளுக்கு டீசல் வந்தது. 1936-ல் மெர்சிடிஸ் காருக்கும் வந்தது.

*

ஜீப் மட்டும் பெட்ரோலில்தான் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவம் 1940-ல் கேட்டு வாங்கிய வண்டி அது. போர் முடிந்தபிறகு இந்தியாவில் அதைக் கோர்த்து விற்றவர்கள் மஹிந்திரா சகோதரர்கள். 1945-ல் கம்பெனி ஆரம்பித்தபோது அதன் பெயர் மஹிந்திரா அண்ட் முகம்மது. பங்குதாரர் குலாம் முகம்மது தேசப் பிரிவினையில் பாகிஸ்தான் போய், அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆகிவிட்டார். 1948-ல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது.

நான் பி.காம். படித்தவன். அடுத்த திருப்பம் எனக்குப் பிடித்த சப்ஜெக்ட். 1973-ல் அரபு நாடுகள் குழாயைத் திருகின. மூன்று டாலர் சொச்சம் விற்ற ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய், சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. இந்தியாவில் பெட்ரோல் பணக்காரச் சமாச்சாரம், டீசல் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பம்ப்செட்டுக்கும் உரியது. அதனால் டீசல் விலையை அரசாங்கம் அமுக்கியே வைத்திருந்தது. பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். டீசல் எஞ்சினைத் தூக்கி மாட்டினார்கள். கம்பெனியும் 1979-ல் பிரான்சின் பெஜோவிடம் டீசல் எஞ்சினுக்கு உரிமம் வாங்கியது. மலையேறும் ஜீப்பும் டீசலும் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

*

சரி, ஓரம் கட்டிய ஜீப்புக்கு வருவோம். யாரோ சொல்லி, வயசான ஒரு மெக்கானிக்கிடம் அதைக் கட்டி இழுத்து வந்தார்கள். நான் பக்கத்து ஸ்டூலில், டீ கிளாஸோடு.

பெரியவர் ஸ்பானரைத் தொடவில்லை. முதலில் ஆயில் ஸ்டிக்கை உருவி, விரலில் தேய்த்துப் பார்த்தார். "தண்ணி கலக்கலப்பா. கலந்திருந்தா பால் மாதிரி இருக்கும்." எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குப் குப்பென்று புகை. "பேக் கம்ப்ரஷன் இருக்கு."

பிறகுதான் ஸ்பானர். ஓடுகிற எஞ்சினில், நாசிலுக்குப் போகும் டீசல் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். முதல் பைப். எஞ்சின் தொய்ந்தது. இறுக்கினார். இரண்டாவது. அதேபோலத் தொய்ந்தது. மூன்றாவதைத் தளர்த்தியபோது டொக் டொக் சத்தம் நின்றது. ஆனால் ஓட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான்காவதில் மறுபடி தொய்வு.

"மூணாவது வேலையே செய்யல. சும்மா டீசலக் குடிச்சிட்டு உக்காந்திருக்கு."

ஹெட்டைக் கழற்றினார்கள். மூன்றாவது பிஸ்டனின் விளிம்பு எலி கடித்த தேங்காய் மாதிரி இருந்தது. லைனரில் நீளநீளமாகக் கீறல். மற்ற மூன்றும் சுத்தம். அடியில் ஆயில் சம்ப்பையும் இறக்கி, பேரிங்குகளைத் துடைத்துப் பார்த்தார். இரும்புத்தூள் இல்லை. கிராங்க் பிழைத்தது.

உரிமையாளர் முகத்தில் வெளிச்சம். "அப்ப ஒரு பிஸ்டன், லைனர் போட்டா ஓடிருமாண்ணே?"

"ஓடும். ரெண்டு மாசத்துல திரும்ப இதே பிஸ்டனக் கொண்டுவருவ" என்றார் பெரியவர். மூன்றாவது நாசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, நாசில் பார்க்கிற கடைக்கு நடந்தார். டெஸ்டரில் மாட்டிக் கைப்பம்ப்பை அமுக்கினார்கள். பனிபோலத் தூவ வேண்டிய நாசில், ஒழுகும் குழாய் மாதிரி சொட்டியது. சொட்டிய டீசல் லைனரிலிருந்த ஆயிலைக் கழுவிவிட்டது. நேரங்கெட்ட நேரத்தில் எரிந்து பிஸ்டனைத் தின்றது. குற்றவாளி அதுதான். பிஸ்டன் பாவம், பலியான கேஸ்.

ஒரு பிஸ்டன், ஒரு லைனர், நாலுக்கும் ரிங், நாலு நாசிலும் சர்வீஸ், ஹெட்டுக்கு லேத்தில் ஃபேஸிங், புது டீசல் ஃபில்டர். மொத்த எஞ்சினை மாற்ற அந்த ஒர்க்‌ஷாப் கேட்டதில் கால்வாசிகூட ஆகவில்லை. ஐந்தாம் நாள் ஜீப் மலையேறியது. "ஆயிரம் கிலோமீட்டருக்கு அதிகமா ஆள் ஏத்தாத, விரட்டாத" என்று கண்டிஷன்.

2014-ல் டீசல் விலை மீதிருந்த அரசாங்கத்தின் பிடி போய்விட்டது. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. டீசல் புகை நுரையீரலுக்குக் கேடு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கிழட்டு ஜீப்புகளின் காலம் முடியத்தான் போகிறது. முடியட்டும். ஆனால் காது கொடுத்துக் கேட்டு, நாலில் எது நோயாளி என்று பிரித்து, அந்த நோயாளியைக் கெடுத்தவன் யார் என்றும் தேடிப் போகிற அந்தப் பொறுமை இருக்கிறதே, அது எஞ்சினுக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை.

உங்கள் ஆபீஸிலோ வீட்டிலோ யாராவது "மொத்தமா மாத்திருங்க" என்று சொன்னால், ஒருமுறை மூணாவது நட்டைத் தளர்த்திப் பாருங்கள்.