பாம் பாம் முதல் விண்ட்டோன் வரை - ஸ்கூட்டர் ஹாரனின் கதை

ஸ்கூட்டர் ஹாரனுக்கெல்லாம் ஒரு வரலாறா என்று சிரிக்காதீர்கள். இருக்கிறது. ஸ்கூட்டர் வாங்கின மறுவாரமே "கம்பெனி ஹாரன் வேஸ்ட்டுப்பா, யாருக்கும் கேக்க மாட்டேங்குது" என்று பிள்ளைகள் கேட்கிற காலம் இது. வாங்கித் தருவதா வேண்டாமா என்று யோசிக்கும் அப்பாக்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் உதவும்.

ஹாரன் என்றால் கொம்பு. நம் கோவில் திருவிழாவில் ஊதுகிற அதே கொம்புதான். மோட்டார் வண்டிகள் வந்த புதிதில் ரப்பர் பந்தை அமுக்கினால் பித்தளைக் குழல் வழியே "பாம் பாம்" என்று கத்தியது. நம்மூர் ஆட்டோக்களில் பல வருடம் பார்த்திருப்பீர்கள். கரண்ட் வேண்டாம், ஒயர் வேண்டாம். ஆனால் கை வலிக்கும், வேகமாகப் போகிற வண்டிக்குப் போதாது.

1908-இல் அமெரிக்காவில் மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்பவரின் கண்டுபிடிப்பான கிளாக்ஸன் ஹாரன் விற்பனைக்கு வந்தது. ஒரு சின்ன மோட்டார், பல் சக்கரம் ஒன்றைச் சுற்றும். அது உலோகத் தகட்டைத் தட்டித் தட்டி அதிர வைக்கும். "ஆவூகா" என்று பழைய படங்களில் கேட்கிற சத்தம் அதுதான். வேடிக்கை என்னவென்றால், காது மந்தமானவர்களுக்கு மின்சாரக் கருவி செய்து கொடுத்து முதலில் பேர் வாங்கியவரும் இதே ஹட்சிசன்தான் :)

அப்புறம் மோட்டார் போய் மின்காந்தம் வந்தது. பட்டனை அமுக்கினால் காந்தம் தகட்டை இழுக்கும். இழுத்தவுடன் உள்ளே இருக்கும் பாயிண்ட் விலகி கரண்ட் நிற்கும். தகடு பழையபடி திரும்பும், பாயிண்ட் சேரும், மறுபடி இழுக்கும். இது ஒரு விநாடிக்கு நானூறு ஐநூறு தடவை நடந்தால் காதில் ஹாரனாகக் கேட்கிறது. இன்றைக்கும் பெரும்பாலான வண்டிகளில் அடிப்படை இதுதான்.

இனி ஸ்கூட்டருக்கு வருவோம். இத்தாலியில் 1946-இல் வெஸ்பா, 1947-இல் லாம்ப்ரெட்டா. இரண்டும் ஐம்பதுகளிலேயே நம் சாலைகளுக்கு வந்துவிட்டன. லாம்ப்ரெட்டாவை பம்பாயில் ஏ.பி.ஐ. கம்பெனி செய்தது. வெஸ்பாவை பஜாஜ் கொண்டு வந்தது. பியாஜியோவுடன் ஒப்பந்தம் 1971-இல் முடிய, 1972-இல் ராணா பிரதாப்பின் குதிரை பெயரில் சேத்தக் வந்தது. பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்த கதையை எங்கள் பேங்கில் ரிட்டயரான சீனியர்கள் இன்னமும் சொல்வார்கள். நான் வேலை பார்க்கும் புனேயில், ஆகுர்டி என்றாலே அந்தக் காலத்து ஆட்களுக்கு சேத்தக்தான் ஞாபகம் வரும்.

அந்த ஸ்கூட்டர்களின் ஹாரன், ஹேண்டில்பாருக்குக் கீழே முன்பக்க மூடிக்குள் ஒளிந்திருக்கும். பேட்டரி இல்லாத மாடல்களில் ஹாரனுக்கு கரண்ட் வருவது இன்ஜினோடு சுற்றும் மேக்னெட்டோவிலிருந்து, அதுவும் 6 வோல்ட். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஹாரன் கத்தும். சிக்னலில் ஐடிலிங்கில் நின்றால் தொண்டை கட்டிய ஆடு மாதிரி முனகும். இன்ஜின் நின்றால் ஹாரனும் ஊமை. அதில் சக்திவாய்ந்த ஹாரன் மாட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, கொடுக்க கரண்ட் கிடையாது. அன்றைய சாலைக்கு அந்த முனகலே போதுமானதாகவும் இருந்தது.

மாற்றம் 1984-இல் கைனடிக் ஹோண்டாவோடு வந்தது. கியர் இல்லை, பட்டன் ஸ்டார்ட், அதற்காக ஒரு 12 வோல்ட் பேட்டரி. இன்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் ஹாரன் ஒரே குரலில் பேசும். பின்னால் ஸ்கூட்டி, 2001-இல் ஆக்டிவா என்று எல்லாம் இந்த வழியில் போக, ஸ்கூட்டரில் வேறு ஹாரன் மாட்டும் வழக்கத்துக்குக் கதவு திறந்தது. சென்னை ஜி.பி. ரோடு, பெங்களூர் ஜே.சி. ரோடு, தில்லி கரோல்பாக் என்று எல்லா ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் ஹாரனுக்கென்று ஒரு அலமாரி வந்தது. அதில் முக்கியமான பெயர் ஒன்று நம்மூர்க்காரருடையது. 1970-இல் தொடங்கிய கோயமுத்தூர் ரூட்ஸ் கம்பெனி. வடக்கே மெக்கானிக் "ரூட்ஸ் லகா தூம்?" என்று கேட்டால், அது கோவைச் சரக்கு என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது.

விண்ட்டோன் என்பது நத்தை ஓடு மாதிரி சுருண்ட குழல் வைத்த ஹாரன். தட்டு ஹாரன் கிறீச்சென்று இருக்கும், இது கார் மாதிரி கணீரென்று கேட்கும். ஏறக்குறைய 400, 500 ஹெர்ட்ஸில் இரண்டை ஜோடியாக மாட்டுவது வழக்கம்.

ஏன் இவ்வளவு சத்தம் தேவைப்பட்டது? ஏ.ஸி. கார்கள் பெருகி, கண்ணாடி எல்லாம் மூடிக்கொண்டது. உள்ளே பாட்டு. பக்கத்தில் வரும் ஸ்கூட்டரின் சின்னக் குரல் அவருக்கு எங்கே கேட்கும்? பயம் நியாயமானதுதான். 2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள்.

ஆனால் பேங்க்காரன் கண்ணுக்கு இது பணவீக்கம் மாதிரி தெரிகிறது. நான் ஒருவன் மட்டும் சத்தத்தைக் கூட்டினால் எனக்கு லாபம். எல்லாரும் கூட்டினால் யாருக்கும் லாபமில்லை, விலை மட்டும் ஏறிவிடும். அந்த விலையைக் கட்டுவது சிக்னலில் நாள் முழுக்க நிற்கும் டிராஃபிக் கான்ஸ்டபிளின் காது.

சட்டம் என்ன சொல்கிறது? 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி. பல சுரம் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனோ, அளவு மீறிக் கடூரமாகக் கத்தும் ஹாரனோ கூடாது. 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை அவசியம் இருந்தாலொழிய ஹாரன் அடிக்கக் கூடாது என்றது. அந்த வழக்கு போடப்பட்ட காரணம் மனதை உலுக்கும். பாலியல் கொடுமைக்கு ஆளான 13 வயதுப் பெண் ஒருத்தி போட்ட கூக்குரல், பக்கத்தில் அலறிய ஒலிபெருக்கி சத்தத்தில் யாருக்குமே கேட்கவில்லை. அன்று மாலையே அவள் தீக்குளித்து இறந்துபோனாள். சத்தம் வெறும் தொந்தரவு மட்டுமல்ல, கேட்க வேண்டியதை மறைத்துவிடும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

2019 சட்டத் திருத்தத்தில் தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1000, அடுத்து 2000 ரூபாய் அபராதம் என்று வந்தது. 2020 ஜனவரியில் மும்பை போலீஸ் ஒரு வித்தை காட்டினார்கள். சிக்னலில் ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் விநாடிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அடித்தவர்கள் எல்லாரும் கூடுதலாக நின்றார்கள்!

அதே மாதம்தான் சேத்தக், இன்ஜின் சத்தமே இல்லாத எலெக்ட்ரிக் ஸ்கூட்டராகத் திரும்பி விற்பனைக்கு வந்தது. வண்டி மௌனமாகிவிட்டது, ஹாரன் அப்படியேதான் இருக்கிறது.

என் வீட்டில் எடுத்த முடிவு: ஜோடி வேண்டாம், நல்ல கம்பெனி ஹாரன் ஒன்று போதும். ஏர் ஹாரன், பாட்டுப் பாடும் ஹாரன் பேச்சே கிடையாது. மீதியை பிரேக் பார்த்துக்கொள்ளட்டும்.

பி.கு: எங்கே மாட்டினாலும் ரிலே வைக்கச் சொல்லுங்கள். ஸ்கூட்டர் ஹாரன் சுவிட்ச் சின்ன கரண்டுக்குச் செய்தது, நேரடியாகக் கொடுத்தால் பாயிண்ட் கருகிவிடும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-ஆம் காலுக்கு, 87-லிருந்து ஹாரனுக்கு, 85-ம் 86-ம் பழைய ஹாரன் ஒயருக்கு. ஒயரை வெட்டி ஒட்டாமல், கனெக்டர் போட்டுச் செய்தால் நல்லது. வண்டி வாரண்டியில் இருந்தால் முதலில் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.